பதினோராவது பெயர்

சென்னை லீக்கின் கீழ் டிவிஷன் கிளப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள செயலாளர்களே, கேப்டன்களே, கிட் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மைதானம் மைதானமாக அலையும் நண்பர்களே,



அடுத்த சீசனுக்கான வீரர் பதிவு நெருங்கும் நேரத்தில் இந்த மடலை எழுதுகிறேன். ஒவ்வொரு கிளப்பிலும் இப்போது ஒரு பட்டியல் தயாராகிக்கொண்டிருக்கும். ஓப்பனிங் இறங்க இருவர், ஒரு கீப்பர், புதுப்பந்து போட இருவர், இடக்கைச் சுழலுக்கு ஒருவர் என்று முதல் ஏழெட்டுப் பெயர்களை எழுத அதிக நேரம் பிடிக்காது. கடைசிப் பெயர்களுக்கு வரும்போதுதான் பேனா தயங்கும். நான் எழுதுவது அந்தக் கடைசிப் பெயர்களைப் பற்றி. அவை யாருக்குப் போகின்றன, என்ன காரணத்துக்காகப் போகின்றன என்பதைப் பொறுத்தே நம் லீக் வாழும் அல்லது தேயும்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அணியில் ஓர் இடத்தையும் பணத்துக்குக் கொடுக்காதீர்கள். யாருடைய சிபாரிசும் இல்லாமல் மைதானத்து ஓரத்தில் வந்து நிற்கும் ஆளுக்கு, பத்துப் பந்து போட்டுக் காட்ட ஒரு வாய்ப்பு கொடுங்கள். வேலைக்குப் போகிறவரும், வயது கடந்தவரும், இன்னும் முறையாகப் பயிற்சி பெறாதவரும் வெள்ளை உடை உடுத்தி ஆட இந்த நகரத்தில் உங்களை விட்டால் வேறு வாசல் கிடையாது.

நம் ஊரில் கிரிக்கெட் கிளப் என்ற ஒன்று எப்படி வந்தது என்பதை ஒருமுறை நினைத்துப் பார்ப்போம். 1846-ல் தொடங்கிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பில் இந்தியர்களுக்கு இடம் இல்லை. மயிலாப்பூர் லஸ் ஹவுஸில் வளர்ந்த புச்சி பாபு நாயுடு அந்த அவமதிப்பைப் பொறுத்துக்கொள்ளவில்லை. 1888-ல் எஸ்பிளனேடில் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். ஆட வந்த இளைஞர்களுக்கு மட்டையும் பந்தும் உடையும் தன் கைப்பணத்தில் வாங்கிக் கொடுத்தார். இருபதே ஆண்டுகளில் நம்மவர்கள் வெள்ளையர் அணியோடு சமமாக மோதும் நாள் வந்தது. 1908-ல் முதல் பிரசிடென்சி மேட்ச்சுக்கு ஏற்பாடு செய்தவரும் அவரே. ஆட்டத்துக்குச் சில நாட்கள் முன்பு அவர் இறந்துபோனார். அவர் தொடங்கிவைத்த அந்த ஆட்டம் பிற்காலத்தில் பொங்கல்தோறும் சேப்பாக்கத்தில் கூட்டம் கூட்டும் விழாவாக வளர்ந்தது.

தென்னிந்திய கிரிக்கெட்டின் தந்தை என்று அவரை நாம் கொண்டாடுகிறோம். அவர் செய்த காரியத்தின் சாரம் ஒன்றுதான். ஆடத் தெரிந்தும் இடம் கிடைக்காதவனுக்கு இடம் கொடுத்தார். வந்தவனிடம் ‘நீ என்ன கொண்டுவந்தாய்’ என்று அவர் கேட்டிருந்தால் இந்த மாநிலத்தில் கிரிக்கெட் வேறு கதையாகியிருக்கும்.

எம்.ஜே. கோபாலனையும் நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பையனிடம் இருந்த வேகத்தைக் கண்டுகொண்டவர் சி.பி. ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர். பர்மா ஷெல்லில் வேலை வாங்கித் தந்து, ஆடுவதற்கு வழியும் செய்து கொடுத்தார். திருவல்லிக்கேணி கிரிக்கெட் கிளப் அவருக்கு வீடானது. 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் மெட்ராஸும் மைசூரும் மோதிய ஆட்டம்தான் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம். அதில் முதல் பந்தை வீசியவர் கோபாலன். ஏ.ஜி. ராம்சிங் பதினொரு விக்கெட் எடுக்க, ஆட்டம் அன்று ஒரே நாளில் முடிந்தது. கோபாலன் ஹாக்கியிலும் இந்தியாவுக்கு ஆடியவர். 1936-ல் பெர்லின் ஒலிம்பிக்கா, இங்கிலாந்துக் கிரிக்கெட் பயணமா என்ற கேள்வி வந்தபோது கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். நாட்டின் கிரிக்கெட் வரலாற்றில் அழியாத ஒரு பந்தை வீசியவரின் கதை, ‘இந்தப் பையனைக் கொஞ்சம் பார்ப்போம்’ என்று ஒருவர் நினைத்ததில் தொடங்குகிறது.

1930-களில் டாக்டர் ப. சுப்பராயனைத் தலைவராகக் கொண்டு மெட்ராஸ் கிரிக்கெட் சங்கம் அமைந்தது. லீக் ஆட்டங்கள் ஒழுங்குபட்டன. மயிலாப்பூர் ரிக்ரியேஷன் கிளப்பும் திருவல்லிக்கேணி கிளப்பும் மோதும் நாளில் இரண்டு பேட்டைகளும் மைதானத்தில்தான் இருக்கும். பிறகு கம்பெனிகள் வந்தன. இந்தியா பிஸ்டன்ஸ், ஸ்டேட் பாங்க், கெம்பிளாஸ்ட் ஆதரித்த ஜாலி ரோவர்ஸ், இந்தியா சிமெண்ட்ஸ் என்று நிறுவனங்கள் ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்தன. மாதச் சம்பளம் கொடுத்தன. மதியத்துக்கு மேல் நெட்ஸுக்குப் போக அனுமதியும் கொடுத்தன. ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பையன் ‘கிரிக்கெட் ஆடினால் வேலை கிடைக்கும்’ என்று அப்பாவிடம் தைரியமாகச் சொல்ல முடிந்த காலம் அது. வெளிமாநிலத்து வீரர்களும் தேடி வந்து ஆடும் லீக் என்ற பெயர் சென்னைக்குக் கிடைத்ததும் அப்படித்தான்.

முதல் டிவிஷன் இன்று வேறு உலகம். பாளையம்பட்டி ராஜா கேடயத்துக்கு ஆடுகிறவர்களில் பெரும்பாலோருக்குக் கிரிக்கெட்டே தொழில். பல நாள் ஆட்டங்களுக்கு அலுவலகத்தில் விடுப்பு வாங்கி வந்து ஆடுவது நடக்கிற காரியம் அல்ல. அந்த வளர்ச்சியில் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆட்டத்தின் தரம் உயர வேண்டுமானால் அது வேண்டியதுதான். ஆனால் மேலே அமெச்சூர் ஆட்டக்காரருக்கு இடம் சுருங்கச் சுருங்க, கீழே நீங்கள் வைத்திருக்கும் இடத்தின் மதிப்பு கூடிக்கொண்டே போகிறது. இதை நாம் போதுமான அளவு உணரவில்லை என்பதே என் ஆதங்கம்.

வருண் சக்கரவர்த்தியை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் கீப்பராக ஆடியவர். பிறகு ஆட்டத்தை விட்டுக் கட்டடக் கலை படித்தவர். அந்த வேலையும் பார்த்தவர். வேலையை விட்டு லீக்குக்குத் திரும்பியபோது மிதவேகப் பந்துதான் போட்டார். முழங்காலில் அடிபட்டது. சுழலுக்கு மாறினார். 2017-18 சீசனில் ஜூப்ளி கிரிக்கெட் கிளப்புக்காக நான்காவது டிவிஷனில் ஆடி, ஏழு ஆட்டங்களில் 31 விக்கெட் எடுத்தார். ஓவருக்குச் சராசரியாக மூன்று ரன்னுக்குச் சற்று மேல்தான் கொடுத்திருந்தார். அப்போது அவருக்கு 26 வயது. அடுத்த ஆண்டு ஐ.பி.எல். ஏலத்தில் 8.4 கோடி ரூபாய்க்குப் போனார். 2025 மார்ச்சில் சாம்பியன்ஸ் டிராபியில் நியூசிலாந்துக்கு எதிராக 42 ரன் கொடுத்து ஐந்து விக்கெட் எடுத்தார்.

நம் அமைப்பில் பதினான்கு வயது, பதினாறு வயது, பத்தொன்பது வயது என்று வரிசையாகத் தேர்வுகள் இருக்கின்றன. அந்த வயதுகளில் பெயர் வராதவனை எந்த அகாடமியும் தேடிப் போகாது. எந்தத் தேர்வாளரும் அவன் வீட்டுக் கதவைத் தட்ட மாட்டார். இருபத்தாறு வயதில், முறையான பயிற்சி ஏதும் இல்லாத ஒரு புதுவகைச் சுழலோடு வந்தவரை ஒரு நான்காவது டிவிஷன் கிளப்தான் ‘வாப்பா, போட்டுப் பார்’ என்றது. அந்தக் கிளப் அந்த இடத்தை வேறு யாருக்காவது தருவதாக வாக்குக் கொடுத்திருந்தால், இந்தியாவுக்கு ஒரு பந்துவீச்சாளர் கிடைத்திருக்க மாட்டார்.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியிலிருந்து வந்த நடராஜனின் கதையும் இதேதான். இருபது வயதுவரை டென்னிஸ் பந்துப் போட்டிகளில் ஆடியவர் அவர். அப்பா நெசவுக் கூலி. அம்மா சாலையோரத்தில் கடை வைத்திருந்தவர். சென்னையில் அவர் முதலில் ஆடியது நான்காவது டிவிஷனில், பி.எஸ்.என்.எல். அணிக்கு. அங்கிருந்து விஜய் கிரிக்கெட் கிளப், ஜாலி ரோவர்ஸ், தமிழ்நாடு அணி, டி.என்.பி.எல்., ஐ.பி.எல். என்று போனார். 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில், ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர் ஆனார்.

2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் நடந்த அந்த டெஸ்ட்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 1988-க்குப் பிறகு ஆஸ்திரேலியா அந்த மைதானத்தில் தோற்றதே இல்லை. நடராஜனோடு அன்று அறிமுகமான இன்னொருவர் வாஷிங்டன் சுந்தர். முதல் இன்னிங்ஸில் இருவரும் ஆளுக்கு மூன்று விக்கெட் எடுத்தார்கள். இந்தியா தடுமாறி நின்றபோது வாஷிங்டன் 62 ரன் அடித்தார். அந்தப் பெயருக்குப் பின்னால் திருவல்லிக்கேணியில் வாழ்ந்த ஒரு மனிதர் இருக்கிறார். ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற பி.டி. வாஷிங்டன், மெரினா மைதானத்தில் பையன்கள் ஆடுவதைப் பார்க்க வருவார். சுந்தர் என்ற ஏழைப் பையனின் ஆட்டம் அவருக்குப் பிடித்துப்போனது. சீருடை வாங்கித் தந்தார்; பள்ளிக் கட்டணம் கட்டினார்; சைக்கிளில் உட்காரவைத்து மைதானத்துக்குக் கூட்டிப்போனார். அவர் 1999-ல் இறந்தார். அதே ஆண்டு அக்டோபரில் பிறந்த மகனுக்கு சுந்தர் அவர் பெயரையே வைத்தார்.

அந்த முன்னாள் ராணுவ வீரர் பெரிய பதவி எதிலும் இருந்தவர் அல்ல. அவருக்கு நேரம் இருந்தது, மனம் இருந்தது. நம் லீக்கை இத்தனை காலம் தாங்கிப் பிடித்தவர்கள் பெரும்பாலும் இப்படிப்பட்டவர்கள்தான். பென்ஷனில் பந்து வாங்கியவர்கள், மனைவியின் முணுமுணுப்பைத் தாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளை மைதானத்தில் கழித்தவர்கள், கிட் பையை வீட்டு வராந்தாவில் வைத்துப் பாதுகாத்தவர்கள், பதினொரு பேருக்குத் தக்காளி சாதமும் தயிர் சாதமும் கட்டிக் கொடுத்தவர்கள். உங்களில் பலர் இன்றும் அப்படித்தான் இருக்கிறீர்கள். அதனால்தான் உங்களிடம் உரிமையோடு பேசுகிறேன்.

என் தெருவில் ஒரு பையன் இருக்கிறான். செல்போன் பழுதுபார்க்கும் கடையில் வேலை. பந்து நல்ல வேகத்தில், உயரத்திலிருந்து வரும். மேட்டிங்கில் அவனை எதிர்கொள்ள யாரும் விரும்ப மாட்டார்கள். ஒரு கிளப்புக்கு அவனை அனுப்பிவைத்தேன். வலையில் அவன் போட்டதைப் பார்த்தார்கள், பாராட்டவும் செய்தார்கள். பிறகு, பதிவு செய்ய வேண்டுமானால் சீசனுக்கு ஒரு தொகை கட்ட வேண்டும் என்றார்கள். அது அவனுடைய இரண்டு மாதச் சம்பளம். அவன் யாரையும் குறை சொல்லவில்லை. ‘பரவாயில்லை சார்’ என்று சொல்லிவிட்டு மறுவாரமே டென்னிஸ் பந்து ஆட்டத்துக்குப் போய்விட்டான். அந்தக் கிளப்பின் பெயரை எழுதப்போவதில்லை. எல்லாக் கிளப்புகளும் அப்படி என்று சொல்வதும் அநியாயம். ஆனால் ஒரே ஓர் இடத்தில் நடந்தாலும் அது லீக் முழுவதற்கும் நேர்ந்த இழப்பு.

பணம் கொடுத்து ஒருவர் உள்ளே வரும்போது அணிக்குள் என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். பணம் கட்டிய தகப்பனார் எல்லைக்கோட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். மகன் நான்காவதாக இறங்க வேண்டும். எட்டு ஓவராவது போட வேண்டும். கேப்டன் பீல்டிங்கை அமைக்கும்போது ஆட்ட நிலவரத்தைப் பார்ப்பதா, அந்த நாற்காலியைப் பார்ப்பதா என்று தடுமாறுவார். ஃபார்மில் இருக்கும் பந்துவீச்சாளர் தேர்டு மேனில் நின்றுகொண்டிருப்பார். இரண்டு ஞாயிறு பொறுப்பார். மூன்றாவது ஞாயிறு ‘வீட்டில் விசேஷம்’ என்று சொல்லி வராமல் இருப்பார். அதற்குப் பிறகு அவர் வரவே மாட்டார். இடம் வாங்கிய பையனுக்கும் இதில் நன்மை இல்லை. அவன் எடுக்கும் ஒவ்வொரு ரன்னின் மேலும் அந்தப் பணத்தின் நிழல் விழும். தான் நன்றாக ஆடுகிறானா என்பது அவனுக்கே கடைசிவரை தெரியாது.

உங்கள் சிரமம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆட்டத்துக்கு ஆட்டம் பந்து வாங்க வேண்டும். நல்ல தோல் பந்தின் விலை ஏறிக்கொண்டே போகிறது. பயிற்சிக்கு மைதான வாடகை, வலை, மட்டை, காப்புக் கவசங்கள், வேளச்சேரியிலோ திருமழிசையிலோ ஆட்டம் என்றால் போக்குவரத்து, மதியச் சாப்பாடு, தண்ணீர் என்று செலவு வரிசைகட்டி நிற்கிறது. முன்பு நன்கொடை கொடுத்த கடைக்காரர் இன்று இல்லை. அவருடைய மகனுக்குக் கிளப் யாரென்றே தெரியாது. தனி மனிதர் ஒருவர் எத்தனை ஆண்டுதான் கைக்காசு போடுவார்?

ஆகவே இந்தப் பழியை உங்கள் தலையில் மட்டும் சுமத்துவது நேர்மை ஆகாது. 2023 முதல் 2027 வரையிலான ஐந்து ஐ.பி.எல். சீசன்களின் ஒளிபரப்பு உரிமை மட்டும் 48,390 கோடி ரூபாய்க்கு விற்றிருக்கிறது. அந்த ஆட்டத்தின் வேர் நம் மேட்டிங் பிட்ச்சுகளில் இருக்கிறது. கீழ் டிவிஷன் ஆட்டங்களுக்கான பந்து, மைதானம், நடுவர், முதலுதவி ஆகிய நான்கு செலவுகளையும் கிரிக்கெட் சங்கமே முழுமையாக ஏற்க வேண்டும் என்று நீங்கள் எல்லோரும் சேர்ந்து கேட்க வேண்டும். தனித்தனியாகக் கேட்டால் கோரிக்கை. சேர்ந்து கேட்டால் தீர்மானம். உறுப்பினர் கிளப்புகளின் வாக்கில் நிற்கும் அமைப்பு அது. அந்த வாக்கின் பலத்தைத் தேர்தல் நாளில் மட்டும் நினைத்துக்கொள்ளாதீர்கள்.

கிளப்புக்குள்ளும் வழி இருக்கிறது. வருமானம் இவ்வளவு, செலவு இவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் காட்டுங்கள். சம்பாதிக்கிறவர் கூடுதலாகவும், படிக்கிறவர் குறைவாகவும், முடியாதவர் ஒன்றும் இல்லாமலும் சந்தா கட்டட்டும். யார் எவ்வளவு கட்டினார் என்பது செயலாளருக்கும் பொருளாளருக்கும் மட்டும் தெரிந்தால் போதும். சிறுவர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்திக் கட்டணம் வாங்குவது தவறே அல்ல. அது உழைப்புக்குக் கூலி. ஆனால் பயிற்சிக் கட்டணம் வேறு, அணியில் இடம் வேறு. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள சுவர் இடியக் கூடாது. பழைய ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடியுங்கள். அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் அண்ணா நகரிலும் வசதியாக இருக்கும் எத்தனையோ பேர், தாங்கள் ஆடிய கிளப் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று தெரிந்தால் மனமுவந்து தருவார்கள். கேட்க ஆள் இல்லாததால்தான் அவர்கள் தராமல் இருக்கிறார்கள்.

அடுத்து, மைதானம். நம் ஆட்டங்கள் பெரும்பாலும் கல்லூரி மைதானங்களை நம்பியே நடக்கின்றன. விவேகானந்தா கல்லூரி, பச்சையப்பன் கல்லூரி, குருநானக் கல்லூரி போன்ற மைதானங்கள் இல்லாவிட்டால் சென்னையில் லீக் கிரிக்கெட்டுக்கு நிற்க இடமிருக்காது. நகரத்துக்குள் காலி நிலத்தின் விலை இருக்கும் நிலையில், ஒரு கல்வி நிறுவனம் ஐந்தாறு ஏக்கரை ஆட்டத்துக்கென்று விட்டுவைத்திருப்பதே பெரிய விஷயம். ஆடி முடித்ததும் தண்ணீர்ப் புட்டிகளையும் சாப்பாட்டுப் பொட்டலங்களையும் அங்கேயே போட்டுவிட்டுக் கிளம்பும் அணி, அடுத்த தலைமுறையின் மைதானத்தைப் பறிக்கிறது. காலை ஆறு மணிக்கே வந்து மேட்டை இழுத்து ஆணி அடிக்கும் ஊழியரின் பெயர் உங்கள் அணியில் எத்தனை பேருக்குத் தெரியும்? பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். மதியம் உங்களோடு அவரும் உட்கார்ந்து சாப்பிடட்டும்.

நடுவர்களையும் இப்படித்தான் நடத்த வேண்டும். கீழ் டிவிஷனில் மறுபரிசீலனைக்குத் திரை இல்லை. மூன்றாவது நடுவர் இல்லை. வெயிலில் நாள் முழுவதும் நிற்கும் இரண்டு மனிதர்களின் கண்ணும் காதும்தான் சட்டம். கால் காப்பில் பட்ட ஒவ்வொரு பந்துக்கும் பதினொரு பேரும் கத்தி மிரட்டுவதும், அவுட் கொடுத்ததும் மட்டையைத் தட்டிக் காட்டுவதும் டி.வி.யில் பார்த்துப் பழகியவை. சென்னை லீக்கில் வளர்ந்த எஸ். வெங்கட்ராகவன் 57 டெஸ்ட்களில் 156 விக்கெட் எடுத்தவர். அதன் பிறகு 73 டெஸ்ட்களில் நடுவராக நின்றவர். உலகமே மதித்த நடுவரைத் தந்த ஊர் இது. ஆடி முடித்தவர்கள் நடுவர் தேர்வு எழுத வேண்டும் என்று ஊக்கப்படுத்துங்கள். முழங்கால் தேய்ந்த பிறகும் ஆட்டத்தோடு இருக்க அதைவிட மரியாதையான இடம் கிடையாது.

ஸ்கோர் புத்தகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வருணின் 31 விக்கெட் இன்று உலகத்துக்குத் தெரிகிறது என்றால், ஒவ்வொரு பந்தையும் யாரோ ஒருவர் புள்ளி வைத்துப் பதிந்ததால்தான். எத்தனையோ கிளப்புகளின் பழைய ஸ்கோர் புத்தகங்கள் எடைக்குப் போயிருக்கின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் போனவையும் உண்டு. இப்போது மிஞ்சியிருப்பவற்றையாவது பக்கம் பக்கமாகப் படம் எடுத்துச் சேமித்து வையுங்கள். இந்தியாவுக்கு ஆடியவர்களின் கணக்கை யாராவது காப்பாற்றுவார்கள். மூன்றாவது டிவிஷனில் பத்து சீசன் ஆடியவரின் கணக்கை நீங்கள் காப்பாற்றவில்லையென்றால் அவர் ஆடியதற்கே சாட்சி இருக்காது.

இடம் என்று பேசும்போது பெண்களை விட்டுவிட்டுப் பேச முடியாது. உலகக் கோப்பையில் சதம் அடித்த முதல் இந்தியப் பெண் சென்னையைச் சேர்ந்த திருஷ் காமினி; 2013-ல் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக அடித்தார். 2025 நவம்பரில் நவி மும்பையில் இந்தியப் பெண்கள் உலகக் கோப்பையை வென்ற பிறகு, மட்டையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு வரும் சிறுமிகள் கூடியிருக்கிறார்கள். அவர்களுக்குத் தனி வலை போட முடியாவிட்டால் உங்கள் வலையிலேயே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். உடை மாற்ற ஓர் அறை, சுத்தமான கழிப்பறை இரண்டும் இல்லாத மைதானத்துக்கு எந்தத் தாயும் மகளை அனுப்ப மாட்டார். அதையும் உங்கள் தீர்மானத்தில் சேருங்கள்.

இதுவரை இந்தியாவுக்கு ஆடியவர்களின் கதைகளையே சொன்னேன். அவர்கள் கதை நம்மை எழுப்பும். ஆனால் லீக்கின் நியாயம் அவர்களோடு முடிந்துவிடுவதில்லை. கீழ் டிவிஷனில் ஆடும் நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேர் அங்கேயே ஆடி அங்கேயே ஓய்வுபெறுவார்கள். வங்கியில் காசாளர், மின்வாரியத்தில் லைன்மேன், ஸ்விக்கி ஓட்டும் இளைஞர், கூட்டுறவுக் கடையில் எழுத்தர். ஆறு நாட்கள் அடுத்தவர் சொன்னபடி ஓடியவர்கள், ஏழாவது நாள் தங்கள் திறமையை மட்டும் நம்பி நடுவில் போய் நிற்கிறார்கள். முப்பத்தெட்டு வயதுக்காரர் ஒருவர் பாயின்ட்டில் பாய்ந்து பிடித்த கேட்ச்சை எந்தப் பத்திரிகையும் எழுதாது. அவருடைய அணியில் இருந்த பத்துப் பேரும் இருபது வருடம் கழித்தும் அதைச் சொல்வார்கள். அந்த மகிழ்ச்சி யாரையும் இந்திய அணிக்குக் கொண்டுபோகாவிட்டாலும் அதுவே போதுமான காரணம். கிளப் என்பது அதற்காகத்தான் இருக்கிறது.

அங்கே எந்தப் பட்டியலிலும் வராத ஒரு நட்பும் இருக்கிறது. ஒரே அணியில் மேஸ்திரி மகனும் வக்கீல் மகனும் ஒரே மட்டையை மாற்றி மாற்றிப் பிடிக்கிறார்கள். எந்தத் தெரு, எந்த ஜாதி என்று கேட்காமல் ஒரே பாத்திரத்துச் சோற்றைப் பகிர்ந்துகொள்கிறார்கள். நம் ஊரில் இப்படி நடக்கும் இடங்கள் அதிகம் இல்லை. அணியில் இடத்துக்கு விலை வைத்தால் முதலில் வெளியேறுகிறவன் மேஸ்திரி மகன். பிறகு மிஞ்சுவது ஒரே மாதிரி வீடுகளிலிருந்து வந்த ஒரே மாதிரிப் பையன்களின் கூட்டம். அதற்குக் கிளப் என்ற பெயர் இருக்கலாம். புச்சி பாபு தொடங்கிவைத்த காரியத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இராது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்.

பதிவுக்கு முன் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் திறந்த தேர்வு நடத்துங்கள். மைதானத்து வாசலிலும், பக்கத்து டீக்கடையிலும், டென்னிஸ் பந்து ஆடும் காலி மனைகளிலும் அறிவிப்பு ஒட்டுங்கள். வயது கேட்காதீர்கள், எந்த அகாடமி என்று கேட்காதீர்கள். காலணியோ மட்டையோ இல்லாதவனுக்கு அன்றைக்குக் கிளப்பின் பொதுப் பையிலிருந்து கொடுங்கள். அந்தத் தேர்விலிருந்து குறைந்தது இரண்டு பெயர்களை உங்கள் பட்டியலில் சேருங்கள். தேர்வுக் குழுவில் பணம் கொடுப்பவரோ அவருடைய உறவினரோ உட்காரக் கூடாது என்று கிளப் விதியிலேயே எழுதிவைத்துவிடுங்கள். அணியில் இடத்துக்காக யாரிடமும் எந்தத் தொகையும் வாங்கவில்லை என்று செயலாளரும் கேப்டனும் கையெழுத்திட்ட உறுதிமொழி ஒன்றை ஆண்டுதோறும் பதிவுப் படிவத்தோடு சேர்த்துக் கொடுங்கள். சங்கம் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். நான்கைந்து கிளப்புகள் தாங்களாக முன்வந்து தொடங்கினால் மற்றவர்கள் ஒதுங்கி நிற்க முடியாது.

மாவட்டச் சங்கங்களில் இருக்கும் கிளப்புகளுக்கும் இதே வேண்டுகோள்தான். சேலத்திலும் நெல்லையிலும் கோவையிலும் லீக் நடக்கிறது. அங்கும் பட்டியல்கள் எழுதப்படுகின்றன. சென்னைக்கு வரப் பேருந்துக் கட்டணம் இல்லாத பையனுக்கு அவன் மாவட்டத்து லீக்தான் சேப்பாக்கம்.

இந்த வாரம் பட்டியலை எழுத உட்காரும்போது பதினோராவது வரியைக் காலியாக விட்டுவைத்து மைதானத்துக்குப் போங்கள். தகுதியுள்ளவன் அங்கே இருக்கிறான். அவனைப் பார்த்த பிறகு அந்தப் பெயரை எழுதுங்கள்.

அன்புடனும் உரிமையுடனும்,
உங்களோடு ஆடிய ஒரு பழைய லீக் ஆட்டக்காரன்